மேற்கோள் வேறு, வரவு வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வாளர்களைப் பற்றிய பக்கத்துக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் வெளியீட்டுப் பட்டியல், இணையாசிரியர் இரண்டுக்கும் மறுப்பு வரவில்லை. இடிப்பது 'சைட்டேஷன்'தான், அதாவது ஒருவர் கட்டுரையை மற்றவர் தம் கட்டுரையில் பெயர் சொல்லி எடுத்துக் காட்டுவது. 'சுட்டு' என்று வைக்கலாம் என முதலில் எழுதியவன் நானே. இப்போது திரும்பப் பெறுகிறேன்.

போன வாரம் காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) பக்கம் ஒரு டீக்கடை. மின்வேதியியல் ஆய்வு செய்யும் தம்பியிடம், "உங்கள் கட்டுரை 40 தடவை சுட்டப்பட்டிருக்கிறதே" என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "யாருண்ணே சுட்டது? புகார் கொடுத்துடலாமா?" என்றார். பேச்சில் சுட்டது என்றால் திருடியது. பெயர் சொல்லி எடுத்தவரையும் சொல்லாமல் எடுத்தவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி? இலங்கையில் வழங்கும் 'விலைச் சுட்டெண்'ணோடும் அது முட்டும்.

சைட்டேஷனுக்கு 'மேற்கோளே போதும்' என்கிறார் நம்மில் ஒருவரான சிவகங்கை ஐயா. ஐயா, "இந்தக் கட்டுரைக்கு 30 மேற்கோள்" என்று எழுதினால், கட்டுரைக்காரர் 30 பேரை எடுத்துக் காட்டினாரா, 30 பேர் அவரை எடுத்துக் காட்டினார்களா? ஆங்கிலத்தில் முன்னதை ரெஃபரன்ஸ் என்றும் பின்னதை சைட்டேஷன் என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். நாம் இரண்டுக்கும் ஒன்றையே போட்டுவிட்டு, அப்புறம் புரியவில்லை என்கிறோம்.

எனக்கு வழி காட்டியது அப்பச்சியின் கடைப் பேரேடு. மேலே பிள்ளையார் சுழி, பெயருக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி. வாங்கியவர் பக்கத்தில் பற்று, கொடுத்தவர் பக்கத்தில் வரவு. நடந்தது ஒன்றுதான், எழுதும் இடம் இரண்டு. ஆய்விலும் அதே கதை: நான் ஒருவர் கட்டுரையை மேற்கோள் காட்டினால் அது என் பற்று, அவர் பெயரில் வரவு. ஆகவே காட்டுவது மேற்கோள், கிடைப்பது மேற்கோள்வரவு. இடம் தெரிந்தால் வெறும் 'வரவு' போதும். தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்வது தன்வரவு.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றின் வரவையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் ஹெச்-இண்டெக்ஸ் 'ஹெச் எண்' ஆகட்டும். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலர் முன்வைத்தது. கட்டுரைகளை வரவு இறங்கும் வரிசையில் அடுக்கி எண்ணினால் போதும். ஒருவருக்கு 25, 12, 7, 5, 5, 3, 1 என்று வரவு இருந்தால், ஐந்து கட்டுரைக்குக் குறைந்தது ஐந்தைந்து உண்டு, ஆறாவதற்கு ஆறு இல்லை. ஹெச் எண் 5. ஒரே கட்டுரை எழுதி 900 வரவு வாங்கியவருக்கோ ஹெச் எண் 1தான்! அந்த அநியாயத்தைச் சரிசெய்வது நம் வேலையில்லை.

ஆய்விதழ்களுக்குச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டருக்கு வழங்கும் 'தாக்கக் காரணி' எனக்குப் பிடிக்கவே இல்லை. காதில் விழுந்ததும் யாரோ யாரையோ அடித்த மாதிரி இருக்கிறது. கணக்கும் அது ஒரு சராசரிதான்: ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு வந்த வரவை, அந்த 2 ஆண்டுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுப்பது. வட்டி வீதம் சொல்கிற ஊரில் 'இதழ் வரவுவீதம்' யாருக்குப் புரியாது? இது இதழுக்குரிய எண். இதை ஆய்வாளர் பெயருக்கு நேரே எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

மிச்சமிருப்பது துறை பார்த்துச் சரிசெய்த வரவு. கணிதக் கட்டுரைக்கு வரவு மெதுவாக, கொஞ்சமாக வரும். உயிர்மருத்துவத்தில் ஆளும் அதிகம், மேற்கோள் பட்டியலும் நீளம், வரவு கொட்டும். இரண்டு ஆய்வாளர்களை அப்படியே ஒப்பிடக் கூடாது. ரங்கூன் கடை ரூபாயையும் பினாங்குக் கடை வெள்ளியையும் (அந்த ஊர் டாலர்) மாற்று விகிதம் போடாமல் எந்தக் கணக்கப்பிள்ளையும் கூட்டியிருக்க மாட்டார். இங்கே அந்த விகிதம், அதே துறையில் அதே ஆண்டில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் சராசரி. ஒரு கட்டுரையின் வரவை அந்தச் சராசரியால் வகுத்தால் 1 என்பது துறைச் சராசரி, 2 என்றால் அதில் இரட்டிப்பு.

இதற்கு 'துறைமாற்று வரவு' என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் துறையை விட்டுப் போனவர் கணக்கு மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு 'துறைநிகர் வரவு' என்று வைத்திருக்கிறேன். 'நிகர்' என்றதும் நிகர லாபம் நினைவுக்கு வருமோ என்ற சந்தேகம் மட்டும் இருக்கிறது. வேறு சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை பக்கத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.