புதுப்பிப்பு: ஹீலியோஸ் லென்ஸும் எஃப்/16 மங்கலும்

என் பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸ், ஒளி புகும் துளை மிகச் சிறிதாகும் எஃப்/16-இல் மங்கலாகப் படமெடுப்பதற்கு உள்ளே படிந்த பூஞ்சையே காரணம் என்று சென்ற வாரம் இந்த இழையில் எழுதியிருந்தேன், அது தவறு. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒரு செங்கல் சுவரை ஒவ்வொரு துளை அளவிலும் எடுத்துப் பார்த்தபோது, எஃப்/8-இல் செங்கல்லின் சொரசொரப்புவரை தெளிவாகத் தெரிந்தது, எஃப்/16-இல் எல்லாம் குழைந்துபோயிருந்தது. சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவுதான் காரணம்: பச்சை ஒளியின் ஒரு புள்ளி அங்கே ஏறத்தாழ 21 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது, என் 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரின் பிக்சலோ சுமார் 6 மைக்ரான்தான். படங்களில் வானத்தில் தெரிந்த கரும்புள்ளிகள்கூட சென்சார் தூசியே. ஊதுபந்தால் ஊதியதும் மறைந்தன (பூஞ்சையை வீணாகப் பழித்துவிட்டேன்). ஆயினும், தெருவிளக்கைச் சுற்றி, லென்ஸின் துளையைச் சுருக்கும் எட்டு இதழ்கள் விரிக்கும் எட்டுக் கதிர்களுக்காக, இரவில் எஃப்/16-ஐ நான் கைவிடப்போவதில்லை.