[கலைச்சொல்] ஏஐ போட்டுத் தர்ற ஹெட்ஷாட்டுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு வாரமா ஒரு சொல் மண்டையைக் குடையுது, அதான் இங்க கேட்கிறேன். நான் சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட் செஞ்சு கொடுக்கிறவன். இப்ப கையில இருக்கிறது நாலு பேர் சேர்ந்து நடத்துற, கணக்கும் வரியும் பார்க்கிற ஒரு அலுவலகத்தோட சைட், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் வேணும்னாங்க. ‘எங்கள் குழு’ பக்கத்துக்கு ஆளுக்கொரு ஹெட்ஷாட், அதாவது மார்பளவுக்கு முகம் தெரியுற படம், அனுப்புங்கன்னு கேட்டேன், வந்துச்சு, எல்லாத்துலயும் ஒரே சாம்பல் பின்னணி, ஒரே வெளிச்சம், ஒரே தினுசுல கோட்டு, ஸ்டூடியோ பக்கமே போகாம ஏஐலயே பண்ணிட்டோம்னு சந்தோஷமா சொன்னாங்க. தப்புன்னு நான் சொல்ல வரல. நாலு பேரை ஒரே நாள்ல கேமரா முன்னாடி உட்கார வைக்கிறது எவ்வளவு பெரிய பாடுன்னு இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் லீவுல இருப்பார், ஒருத்தருக்குக் கண்ணு வீங்கியிருக்கும், அப்புறம் மூணு படம் ஒரு மாதிரியும் நாலாவது ஏதோ கல்யாண போட்டோவுல இருந்து வெட்டினதாவும் வந்து நிக்கும்.

படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். மூத்த பங்குதாரர் அம்மாவுக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு உண்டு, வீடியோ கால்ல வாரம் ரெண்டு தடவை பார்க்கிறேன், படத்துல அது இல்ல. ஒரு காதுல தொங்கட்டான், இன்னொரு காதுல பொட்டு மாதிரி ஒரு கல்லு. கோட்டுல மேல் பட்டன் பாதி துணிக்குள்ளயே கரைஞ்சு போயிருக்கு. ஆனா முகம் அவங்க முகம்தான், தெரிஞ்சவங்க யார்கிட்ட காட்டினாலும் அவங்க பேரைத்தான் சொல்வாங்க.

பிறகு இன்னும் ரெண்டு படம் வந்துச்சு. நாலு பேர்தானே, இவங்க யாருன்னு கேட்டா, குழு கொஞ்சம் பெருசாத் தெரியட்டும்னு வச்சோம், ஆள் எடுத்ததும் மாத்திக்கலாம்னு பதில் வருது. அந்த ரெண்டு பேரும் உலகத்துலயே கிடையாது. அதைப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். மத்த நாலையும் போடலாம், ஆனா படத்துக்குக் கீழ சின்னதா ஒரு குறிப்பு இருக்கணும்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ் பக்கத்துல ‘ஏஐ ஹெட்ஷாட்’னு போட்டு முடிச்சாச்சு. தமிழ்ப் பக்கத்துலதான் மாட்டிக்கிட்டேன். ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட மார்பளவுப் புகைப்படம்’னு போட்டா மொபைல்ல மூணு வரி ஓடுது, ஆள் பேரை விட குறிப்பு பெருசா இருக்கு.

நீளம் மட்டும் இல்ல, அதுல ‘புகைப்படம்’ங்கிறதே பொய்யாச்சே. போட்டோன்னா ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு நொடியில அந்த ஆள் மேல பட்ட வெளிச்சம் லென்ஸ் வழியா உள்ள வந்திருக்கணும். இது அப்படி வர்றதில்ல. பழைய டிவில சேனல் வராதப்ப புள்ளி புள்ளியா ஓடுமே, அந்த மாதிரி வெறும் இரைச்சல்ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா இரைச்சலைக் கழிச்சுக் கழிச்சு முகத்தை வெளிய கொண்டு வருது. எழுத்துல சொன்னதைப் படமா வரைஞ்சு தர்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன்கிற ஏஐ மாடல் வெளிவந்தது 2022 ஆகஸ்ட்ல, அதே மாசம்தான் கூகுள் ஆய்வாளர்களோட ட்ரீம்பூத் கட்டுரையும் வந்துச்சு, ஒரு ஆளோட மூணுல இருந்து அஞ்சு படம் கொடுத்தா போதும், அந்த ஆளை எந்த உடுப்புலயும் எந்த இடத்துலயும் வரைய மாடலைப் பழக்கிடலாம்னு காட்டினாங்க. ஹெட்ஷாட் ஆப்கள் எல்லாம் பெருகினது அதுக்குப் பிறகுதான். அதனால ‘எடுத்த படம்’னு சொல்லவே எனக்கு வாய் வரல, யாரும் எடுக்கலையே.

முகப்படம், தலைப்படம், ஏஐ உருவப்படம்னு மூணு எழுதி வச்சிருக்கேன், மூணும் பிடிக்கல. ஏதாவது சொல்லுங்க.

அன்புடன்.

———

மறுமொழி:

தம்பிக்கு வணக்கம். நல்ல கேள்வி, நல்ல நேரத்துல கேட்டிருக்கீங்க, இப்ப விட்டா ‘ஏஐ ஹெட்ஷாட்’டே நிலைச்சுடும்.

> முகப்படம், தலைப்படம், ஏஐ உருவப்படம்

தலைப்படம் வேண்டாம், கட்டுரைக்குத் தலைப்புல போடுற படம்னுதான் படிக்கத் தோணும். முகப்படம்னா எனக்கு உடனே யானைக்குப் போடுற முகபடாம் ஞாபகம் வருது, போதாததுக்கு முகப்புப் பக்கம், முகப்புப் படம்னு வேற சொற்கள் புழங்குது, மூணும் குழம்பும். வெறும் ஹெட்ஷாட்டுக்குப் புதுசா ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல, விண்ணப்பப் படிவத்துல காலங்காலமா ‘மார்பளவுப் படம்’னு போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், மார்பளவுச் சிலைன்னா எல்லாருக்கும் புரியுது. ஏஐ செய்யுற வேலைக்கு வினைச்சொல் எதுங்கிறதுதான் உங்க சிக்கல்.

வெளிச்சம் பத்தி நீங்க சொன்னது ரொம்பச் சரி. ஒளிப்படம்னு எழுதணும், புகைப்படம்னு எழுதக்கூடாதுன்னு நானே பல பேர்கிட்ட வாதாடியிருக்கேன், இந்தப் படத்துக்கு ஒளிப்படம்னு சொன்னா என் வாதமே அடிபட்டுப் போகும். நிழற்படமும் ஆகாது, நிழல் விழ ஒரு ஆள் அங்க நின்னிருக்கணும். உருவாக்கு, பிறப்பி, தோற்றுவி எல்லாம் எதுக்கு வேணும்னாலும் பொருந்துற சொற்கள், அதனாலயே எதுலயும் ஒட்டாது.

‘புனை’யை எடுத்துப் பாருங்க. நெடுநல்வாடையில அரசி நகை எதுவும் இல்லாம கட்டில்ல இருக்கிற இடத்துல ‘புனையா ஓவியம் கடுப்ப’ன்னு வரும், வண்ணம் தீட்டாம வெறும் கோடா நிக்கிற ஓவியம் மாதிரின்னு அர்த்தம். அப்ப புனையிறதுன்னா கோட்டுக்கு மேல வண்ணத்தை ஏத்தி முகத்தை முழுசாக்குறது. உங்க மாடல் செய்யுற வேலைக்கு இதை விடப் பக்கத்துல ஒரு வினை எனக்குத் தெரியல. புனைபடம்னு வைக்கலாம்.

———

மறுமொழி:

ஐயா, அண்ணா, ரெண்டு பேருக்கும் வணக்கம். புனைபடம் கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் தினம் ஆப்களுக்கு இடைமுகம் மொழிபெயர்க்கிறவ, எனக்கு மூணு தயக்கம்.

தமிழ்ல படம்னா முதல்ல சினிமா. புனைபடம்னு ஒரு பட்டன்ல போட்டா, டாக்குமெண்டரி இல்லாத கதைப்படம்னு நினைச்சுப்பாங்க. அப்புறம் புனைந்த வழக்கு, புனைந்துரை, புனைசுருட்டுன்னு இந்த வேர்ல பொய் வாடை அடிக்குது. தன் படத்துக்குக் கீழ இதைப் போட எந்த முதலாளி சம்மதிப்பார் அண்ணா? கடைசியா, புனையிறதுக்கு அழகுபடுத்துறதுங்கிற பொருளும் இருக்கு, அது இந்தக் கருவிகளுக்கு நாம கொடுக்கிற பாராட்டா ஆயிடும். 2023ல அமெரிக்கால ஆசிய வம்சாவளி மாணவி ஒருத்தங்க, வேலைக்கு விண்ணப்பிக்கிற மாதிரி என் படத்தை மாத்திக் கொடுன்னு ஒரு ஏஐ கருவியைக் கேட்டாங்க, அது அவங்க தோலை வெள்ளையாக்கி கண்ணை நீலமாக்கிக் கொடுத்துச்சு, செய்தியில பெருசா வந்தது ஞாபகம் இருக்கும். அதைப் போய் புனைஞ்சதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

நான் சொல்றது ‘செயற்கைமுகம்’. செயற்கை நுண்ணறிவுல இருக்கிற அதே செயற்கை, விளக்கவே வேண்டாம், அண்ணாவோட நாலு படத்துக்கும் அந்த ரெண்டு படத்துக்கும் சேர்த்து ஒரே சொல்லாப் போயிடும். டீப்ஃபேக்குக்கு ஆழ்போலின்னு சிலர் எழுதுறாங்க, அதுல மோசடிங்கிற அர்த்தம் முன்னாடியே வந்துடுது, இங்க ஒத்து வராது.

———

மறுமொழி:

தங்கச்சி, மூணு தயக்கத்தையும் மனசுல போட்டுக்கிட்டு நாலு நாள் யோசிச்சேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், மன்னிக்கணும்.

படம்னா சினிமாங்கிறது சரி, ஒத்துக்கிறேன். அதனால படத்தை விட்டுட்டு ‘புனைமுகம்’னு வச்சா என்ன? காதுல கேட்டதும் புனைபெயர்தான் ஞாபகம் வரும். புனைபெயர்ல பேர்தான் கட்டினது, எழுதுற ஆள் நிஜம், அதுல யாருக்கும் வெட்கம் இல்ல, அட்டையில பெருசாவே போட்டுக்கிறாங்க. புனைமுகமும் அப்படித்தான், ஆள் உண்டு, வேலை பார்க்கிறாங்க, போன் பண்ணினா எடுப்பாங்க, அந்த முகம் மட்டும் கட்டினது. முதலாளி சம்மதிப்பாரான்னு கேட்டீங்களே, அதுக்கு என் பதில் புனைபெயர்தான்.

பொய் வாடை, அழகுபடுத்துற அர்த்தம் ரெண்டையும் குறையா சொன்னீங்க. எனக்கு அந்த ரெண்டும் இருக்கிறதாலயே இந்தச் சொல் வேணும்னு தோணுது. அந்த அம்மா படத்துல நடந்தது என்னன்னு பாருங்க, இல்லாத கோட்டை உண்டாக்கியிருக்கு, தோலை மெழுகி விட்டிருக்கு, தழும்பை மறைச்சிருக்கு. உண்டாக்குறது, சிங்காரிக்கிறது, கொஞ்சம் பொய் கலக்குறது மூணும் அந்த ஒரு வினைக்குள்ளயே இருக்கு. நீங்க சொன்ன அந்த மாணவிக்கு நடந்தது கூட அதுதான், எதை அழகுன்னு அந்த மாடல் படிச்சு வச்சிருந்துச்சோ அதைப் பூசி விட்டுடுச்சு. புனைஞ்சதுன்னா நல்லதுன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க, ‘இதுல கை வச்சிருக்கு, கவனிச்சுப் பாரு’ன்னுதான் எடுத்துப்பாங்க.

‘செயற்கைமுகம்’ எனக்கு ரெண்டு காரணத்தால ஒட்டல. செயற்கைக் கால், செயற்கைப் பல் வரிசையில, விபத்துல அடிபட்டவங்களுக்கு வைக்கிற முகம் மாதிரி கேட்குது. இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம், நீங்க வசதின்னு சொன்னீங்களே, ஆறு படத்துக்கும் ஒரே சொல்னு, அதுதான் ஆகவே ஆகாதுன்னு நினைக்கிறேன்.

நாலு படத்துக்குப் பின்னாடி ஆள் இருக்கு. ரெண்டு படத்துக்குப் பின்னாடி யாரும் இல்ல. ஒரே சொல் போட்டா, அந்த ரெண்டும் நாலோட சேர்ந்து நல்ல பேர் வாங்கிக்கும். வரிக் கணக்கைக் கொண்டு போய் கொடுக்கிறவங்க யாரை நம்பிக் கொடுக்கிறாங்கன்னு யோசிங்க. 2019ல ஒரு சைட் வந்துச்சே, பக்கத்தைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் உலகத்துல இல்லாத ஒரு முகத்தைக் காட்டும், ‘இந்த ஆள் கிடையாது’ன்னு சைட்டோட பேர்லயே சொல்லிடும், அந்த அளவுக்காவது நேர்மை இருந்துச்சு. அந்த வகை முகங்கள்ல கண்ணு ரெண்டும் எப்பவும் படத்துல அதே இடத்துலயே வந்து உட்காரும், நாலஞ்சை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா பளிச்சுனு தெரிஞ்சுடும். இப்ப வர்றதுல அந்த அடையாளமும் இல்ல. நைட்டிங்கேல், ஃபாரிட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2022ல வெளியிட்ட ஆய்வுல, ஜனங்களால நிஜ முகத்தையும் மாடல் கட்டின முகத்தையும் பிரிச்சுச் சொல்ல முடியல, அதோட கட்டின முகத்தைத்தான் சராசரியா கொஞ்சம் கூடுதலா நம்பத் தகுந்ததுன்னு சொல்லியிருக்காங்க. சின்ன நிறுவனத்தோட ‘எங்கள் குழு’ பக்கத்துல இல்லாத ஆளைக் கொண்டு வந்து நிறுத்தினா என்ன ஆகும்னு இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

அமெரிக்கால 2024 அக்டோபர்ல அமலுக்கு வந்த, நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கிற எஃப்டிசி அமைப்போட விதியைப் படிச்சுப் பார்த்தேன், போலி விமர்சனத்தைத் தடுக்கிற விதி, அதுல இல்லாத ஆள் பேர்ல வர்ற விமர்சனம், வாடிக்கையாளர் பாராட்டு எல்லாம் கூடாதுன்னு இருக்கு, ஏஐ எழுதினதும் அதுல அடக்கம். அது விமர்சனத்துக்கான விதி, குழுப் படத்துக்கு இல்லதான், ஆனா கோடு எங்க விழுதுன்னு கவனிங்க, ஆள் இருக்கா இல்லையாங்கிற இடத்துல. ஆனா செய்தி நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத் தரம் வகுக்கிற ஐபிடிசி காரங்க படக் கோப்புக்குள்ள எழுதி வைக்கச் சொல்லி வச்சிருக்கிற குறிச்சொற்கள்ல அந்தக் கோடு கிடையாது. கேமராவுல எடுத்ததா, முழுக்க மாடல் செஞ்சதா, ரெண்டும் கலந்ததான்னு படம் பிறந்த விதத்தை அது சொல்லும், படத்துல இருக்கிறவங்க பிறந்தாங்களான்னு சொல்லாது. அந்த வேலையைச் சொல்தான் செய்யணும்.

அதனால இல்லாத ஆளோட முகத்துக்கு ‘ஆளில்லா முகம்’. ஆளில்லா விமானம், ஆளில்லா கேட்டுன்னு எல்லாருக்கும் பழகின அடை, புதுசா யாருக்கும் கத்துக் கொடுக்க வேண்டாம், படிச்ச உடனே கொஞ்சம் திக்குனு இருக்கும், இருக்கட்டும். கணிப்பொறி போய்க் கணினி வந்த மாதிரி இதுவும் நாளைக்குச் சுருங்கலாம், அதை ஜனங்க பார்த்துப்பாங்க.

நிஜமா எடுத்த போட்டோவுல பின்னணியை மட்டும் மாத்தினா? அது புனைமுகம் ஆகாது, ‘திருத்திய படம்’னாலே போதும்.

ஐயா சொன்ன வினை பத்தி ஒண்ணு. ‘என் பழைய படங்களைக் கொடுத்து ஒரு புனைமுகம் புனைஞ்சுக்கிட்டேன்’, ‘இது புனைஞ்சதா எடுத்ததா?’ன்னு வீட்ல பேசிப் பார்த்தேன், நாக்குல தடுக்கல. திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற ஸ்கிரீன் ரீடர்ல படத்துக்கான மாற்று உரையா ‘பங்குதாரரின் புனைமுகம்’னு எழுதி வாசிக்க வச்சேன், தெளிவாக் கேட்டுச்சு, படத்துல என்ன இருக்குன்னு கண் தெரியாதவங்களுக்குச் சொல்றது அதுதான்கிறதால அதைக் கட்டாயமா பார்த்தேன்.

அலுவலகத்துக்கும் இந்தச் சொல்லை அனுப்பி வச்சேன். மூத்த அம்மா போன் பண்ணி அர்த்தம் கேட்டாங்க, சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. பிறகு, அப்படின்னா தழும்பு தெரியுற மாதிரி வேற ஒண்ணு போட்டுத் தர்றேன், பார்க்க வர்றவங்களுக்கு என்னை அடையாளம் தெரியணுமேன்னாங்க. அந்த ரெண்டு கூடுதல் படத்தைப் பத்தி அப்புறம் யாரும் பேச்சே எடுக்கல. நேத்து புதுப் படம் வந்துச்சு, தழும்பு இருக்கு, ஆனா வலது புருவத்துக்கு மேல இருக்கு, மறுபடி திருப்பி அனுப்பியிருக்கேன்.

விக்சனரியில யாராவது ‘புனைமுகம்’ பக்கத்தைத் தொடங்கினா உதாரண வாக்கியம் நான் எழுதுறேன். ஐயா, ஆளில்லா முகத்தைப் பிரிச்சே எழுதலாமா, சேர்க்கணுமான்னு மட்டும் சொல்லுங்க.

அன்புடன்.