புதுப்பிப்பு: அம்மாவின் வார்ஃபரினும் முருங்கைக்கீரையும்

இதயத்தின் மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்து, ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) 1.6-க்கு இறங்கியதைச் சொல்லி, கீரையை நிறுத்துவதா, அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாத புது மாத்திரைக்கு மாறுவதா என்று கேட்டிருந்தேன். செம்பூரில் இதய மருத்துவரைப் பார்த்தாச்சு.

புது மாத்திரை கிடையாது. உலோக வால்வுக்காரர்களிடம் டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையைச் சோதித்தபோது ரத்தக் கட்டி, ரத்தக்கசிவு இரண்டுமே கூடியதால் 2012-ல் ஆய்வையே நிறுத்திவிட்டார்களாம். கீரை சாப்பிடலாம், ஆனால் வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கீரையில் நிறைய; வார்ஃபரின் அதன் வேலையைத்தான் தடுக்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை மலிந்தால் அம்மா தினமும் பொரியல்தான்!

ஐ.என்.ஆர். இலக்கு 2.5 முதல் 3.5. வார்ஃபரின் டோஸ் கொஞ்சம் கூடியிருக்கிறது. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் கூடாது என்றதில்தான் அம்மாவுக்குக் கோபம். அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட்.