அம்மா வீட்டு ஆட்டுக்கல்லும் அண்டாவும் கோத்தகிரிக்கு வருகின்றன: எதை எங்கே வைப்பது?

அவிநாசிப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. மாமனார் எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. பத்து வருஷம் பூட்டிக் கிடந்ததை இந்தச் சித்திரையில்தான் ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்துத் திறந்தோம். முன்னால் கொஞ்சம் முற்றம், அதற்குக் கீழே தேயிலை.

போன மாதம் அவிநாசியில் அம்மாவின் வீட்டை விற்றுவிட்டோம். அங்கே இருந்த ஆட்டுக்கல், அம்மி, உரல், இரண்டு பித்தளை அண்டா, நெல் அளக்கிற ஒரு மரக்கால், ஐந்து ஊறுகாய் ஜாடி, தாத்தா ஓட்டிய வண்டியின் ஒற்றைச் சக்கரம், ஒரு ஈட்டி மரப் பெட்டி எல்லாம் இப்போது தங்கை வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த ஆட்டுக்கல்லில் அம்மா மாவாட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து அரிசி தள்ளிவிட்டது நான்தான்.

சக்கரத்தை முற்றத்தில் சாய்த்து வைத்து ரோஜா ஏற்றலாம், அண்டாக்களில் ஜெரேனியம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். மலை ஈரத்துக்கு இதெல்லாம் தாங்குமா? இன்னொன்று, ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த உருவம் செதுக்கிய பழைய கல் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். தோட்டத்துக்கு அழகாக இருக்கும். வாங்கலாமா?

கட்டபெட்டுக்காரி:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். அந்தக் கல்லை வாங்காதீர்கள். இந்த மலையில் பலகைக் கற்களால் கட்டிய பழைய ஈமச்சின்னங்களான கற்பதுக்கைகளும், இறந்த வீரர்களுக்கு நட்ட வீரக்கற்களும் எத்தனையோ இடங்களில் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் 1870-களில் இங்குள்ள ஈமக்குழிகளைத் தோண்டி எடுத்த பானைகளில் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூடியில் எருமையும் மற்ற உருவங்களும் வைத்த பானைகள், போனால் கட்டாயம் பாருங்கள். அப்படிப்பட்ட கல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நின்றால்தான் அது யாருடையது, எதற்கு நட்டது என்பது தெரியும். பெயர்த்து வந்தால் அது வெறும் கல். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்களுக்கு 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. அம்மி, உரலுக்கு அந்தப் பயம் இல்லை.

இனி உங்கள் சாமான்கள். முப்பது வருஷமாக இந்த ஈரத்தோடு வாழ்கிறேன், நான் கண்டது இதுதான்: கல் வெளியே இருக்கலாம், மரமும் பித்தளையும் கூரைக்குக் கீழேதான்.

உரலை முற்றத்தில் வையுங்கள், தண்ணீர் ஊற்றி விடுங்கள். எங்கள் வீட்டு உரலுக்குக் காலையில் செம்மீசைச் சின்னான் குருவி ஜோடியாகக் குளிக்க வரும். வாரம் இரண்டு முறையாவது தண்ணீரைக் கொட்டித் தேய்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் கொசுப் புழு வைத்துவிடும்.

அண்டாவில் மண் போடவே போடாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும், அடியும் அரித்துப் போகும். வீட்டில் கணப்பு இருந்தால் பக்கத்தில் வைத்துக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டையோ சில்வர் ஓக் கட்டையோ அடுக்குங்கள். நெருப்பு வெளிச்சம் பித்தளையில் விழும்போது அறையே வேறு மாதிரி ஆகிவிடும். புளி போட்டுத் தேய்த்தால் உடனே துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். மூட்டம் போட்ட நாளில் தேய்க்காதீர்கள்.

ஈட்டிப் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கட்டை கொடுத்து வையுங்கள். அப்பாவின் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டேன். முன்பக்கம் பளபளவென்று இருந்தது, ஒரு நாள் நகர்த்திப் பார்த்தால் பின்பலகை முழுக்கப் பூஞ்சை. அன்றைக்கு அழுதேன்.

ஆட்டுக்கல்லை மட்டும் தயவுசெய்து அலங்காரத்துக்கு வைக்காதீர்கள். சமையலறைக்குப் பின்னால் தாழ்வாரம் இருந்தால் அங்கே போட்டு, கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்லுங்கள். கொத்திய பிறகு தவிடு போட்டு இரண்டு மூன்று முறை ஆட்டிக் கழுவினால் கல்துகள் போய்விடும். அப்புறம் மாவாட்டுங்கள்.

தச்சர் மகன்:

சக்கரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என் அப்பா வண்டி செய்தவர். ஈரமண்ணில் சாய்த்து வைத்தால் மண்ணைத் தொடுகிற வட்டைதான், அதாவது சக்கரத்தின் வெளிவளைவில் இருக்கிற மரத்துண்டுதான், முதலில் உளுத்துப்போகும். ஒரு வட்டை போனால் அதில் இறங்கியிருக்கிற ஆரக்கால்கள் ஆட ஆரம்பிக்கும், அப்புறம் இரும்புப் பட்டையும் கழன்றுவிடும். ரோஜா ஏற்றினால் இலை ஈரம் வேறு. திண்ணைச் சுவரில், கூரைக்குள் மாட்டுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் பழைய மசகு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்காதீர்கள், அது தாத்தா காலத்தியது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து மெல்லிசாகத் தேய்த்துத் துடைக்கலாம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். வார்னிஷ் வேண்டாம், கைபட்டு வழவழப்பான இடமெல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும்.

கட்டபெட்டுக்காரி:

தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கோ வேறு வெளிச்சாமானுக்கோ தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். விளக்கில் ஊற்றுகிற எண்ணெயைத் தேடிக் கோயில் கதவை உடைக்கிற கரடிகள் இருக்கிற ஊர் இது. முற்றத்தில் எண்ணெய் வாசம் வந்தால் உங்கள் வீட்டுக்கும் வரும். வெளியே தொங்குகிற இரும்புக்குக் கறுப்புப் பெயின்ட் போதும். ஜாடிகளையும் வெளியே அடுக்க வேண்டாம், காட்டுமாடு இரவில் முற்றத்து வழியாக நடந்தால் ஒன்றும் மிஞ்சாது.

ஜெரேனியத்துக்கு மண்தொட்டியே நல்லது. மரக்காலைத் தவிட்டால் துடைத்து வாசல் அலமாரியில் வையுங்கள். எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால் என்று உங்கள் பிள்ளைகளுக்கு அளந்தே காட்டலாம்.

அவிநாசிப் பெண்:

அக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. கல்லை வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிட்டேன். சக்கரம் திண்ணைக்குப் போகிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. தாழ்வாரம் இருக்கிறது, ஆனால் தரை சிமென்ட், கொஞ்சம் சரிவு. எப்போது ஏற்றி வரலாம்?

கட்டபெட்டுக்காரி:

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் வந்துவிடுங்கள். அப்புறம் மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. குழவியைத் தனியாகச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள், வளைவில் உருண்டால் ஜாடிகளை நொறுக்கிவிடும். சரிவுத் தரைக்கு ஆட்டுக்கல்லுக்கு அடியில் மணல் பரப்பி மட்டம் பார்த்து இறக்கினால் ஆடாது. இறக்க நாலு ஆள் வேண்டும். சனிக்கிழமை வருவதாக இருந்தால் சொல்லுங்கள், இங்கிருந்து இரண்டு பேரை அனுப்புகிறேன்.