மலிவு புரொசெசரை வாங்கி ஓவர்குளொக் செய்வதா, பழைய ஒஃபிஸ் மெஷினை எடுப்பதா?

களுவாஞ்சிகுடிப் பொடியன்
எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில் ஒருவர் பாவித்த அத்லோன் 3000ஜி புரொசெசரையும் பி450 மதர்போட்டையும் சேர்த்து விற்கிறார். கேஸ், பவர் சப்ளை, 8 ஜிபி றாம் ஒன்று என்னிடம் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் காசு போட்டால் கல்முனையில் ஐ5-8500 உள்ள பழைய ஒஃபிஸ் கொம்பியூட்டர் முழுதாகக் கிடைக்கும். அண்ணன் கல்யாண வீட்டு வீடியோவும் ஆல்பமும் செய்கிறார். நான் புரோகிராமிங் படிக்கிறேன், பின்னேரத்தில் கேம் விளையாடுவேன். 3000ஜியை ஓவர்குளொக் செய்தால், அதாவது கம்பனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட விட்டால், போதும் என்று நண்பன் சொல்கிறான். எதை எடுப்பது?

காத்தான்குடி நானா
தம்பி, 3000ஜியை எடுங்கள். 2019இல் 49 டொலருக்கு வந்த சிப் அது. அந்த விலையில் மல்டிப்ளையர் (சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்) பூட்டாமல் விட்ட சிப் வேறு ஏது? அதற்கு முந்தின 200ஜிஈ உத்தியோகபூர்வமாகப் பூட்டிய சிப். இது திறந்தே வருகிறது. பி450 போட் என்பதால் பயோஸில் (போட்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) நேரே மாற்றலாம். ஏ320 போட் என்றால் முடியாது, அந்த விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

மலிவு சிப்பை விரட்டி ஓட வைப்பது புதுப் பழக்கம் இல்லை. 1998இல் வந்த செலரோன் 300ஏ 300 மெகாஹேர்ட்ஸ் சிப். பஸ் வேகத்தை (சிப் போட்டுடன் பேசும் வேகம்) 66இலிருந்து 100க்கு ஏற்றியதும் 450இல் ஓடியது. விலை கூடிய பென்டியம் 2உடன் அது போட்டி போட்டது. 2014இல் வந்த பென்டியம் ஜி3258 72 டொலர்தான், 3.2 கிகாஹேர்ட்ஸ். சாதாரண கூலர் ஒன்றைப் போட்டு அதை நாலரைக்குக் கொண்டுபோனவர்கள் நிறையப் பேர். காசு குறைந்தவனுக்கு இது ஒன்றுதான் வழியாக இருந்தது. இன்றைக்கும் அந்த வழி மூடவில்லை.

செங்கலடி டெக்னிஷன்
நானா சொன்ன இரண்டு கதையும் உண்மை. அந்த இலக்கங்களை 3000ஜிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலரோன் ஏறியது 50 வீதம். ஜி3258 ஏறியது 40 வீதம். 3000ஜி 3.5 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது, நன்றாகப் பிடித்தால் 3.9, அதிர்ஷ்டம் இருந்தால் 4.0. ஆக 11 வீதம், மிஞ்சினால் 14. அந்தக் காலத்தில் கம்பனிகள் சிப்பில் நிறைய இடம் விட்டு வைத்தன. இப்போது பூஸ்ட் என்ற பெயரில் அந்த இடத்தைக் கம்பனியே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் ஐ5-8500இன் அடிப்படை வேகம் 3.0, தேவைப்படும்போது தானாகவே 4.1 வரை போகும். யாரும் பயோஸைத் தொட வேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜின் வர்க்கத்தோடு கூடும். உதாரணத்துக்கு 1.2 வோல்டில் 3.5 ஓடிய சிப்பை 1.35 வோல்டில் 3.9க்கு ஏற்றினால் வேகம் 11 வீதம் கூடும், மின்சாரம் 41 வீதம் கூடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அதுவும் நம்முடைய ஊரில்.

கடைசியாக, எவ்வளவு ஏற்றினாலும் 3000ஜியின் இரண்டு கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இரண்டு கோர்தான். ஒரு மணி நேரம் ஓடும் வீடியோ எக்ஸ்போர்ட் 54 நிமிடத்தில் முடியும். ஆறு நிமிடத்துக்காகவா இவ்வளவும்?

காத்தான்குடி நானா
41 வீதம் என்று கேட்டால் பயம் வரத்தான் செய்யும். எதன் 41 வீதம் என்று சொல்லுங்கள். இது 35 வோட் சிப். 41 வீதம் என்றால் 14 வோட், ஒரு எல்.ஈ.டி பல்ப் எரிகிற அளவு. நாளுக்கு ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் மாதம் இரண்டரை யூனிட். நீங்கள் சொல்லும் 8500 ஓவர்குளொக் இல்லாமலே 65 வோட் சிப். 125 வோட் எஃப்எக்ஸ்-8350 போன்ற பழைய சிப்பை யாராவது இங்கே ஏற்றப் போனால் நானும் வேண்டாம் என்பேன். 3000ஜிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

ஒலுவில் மாணவி
இரண்டு பேருடைய கணக்கிலும் பிழை இல்லை. எதை ஓவர்குளொக் செய்வது என்பதைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை. கிராபிக்ஸ் காட் இல்லாமல் கேம் விளையாடப் போகிறார் என்றால், வேலை செய்யப் போவது 3000ஜிக்குள் இருக்கும் வேகா 3 கிராபிக்ஸ். அதற்குத் தனி மெமரி கிடையாது, றாமிலிருந்துதான் எடுக்கும். ஒரே ஒரு 8 ஜிபி குச்சியைப் போட்டால் பாதை பாதியாகிவிடும். அதே வகையில் இன்னொரு 8 வாங்கி இரண்டு சனலில் ஓட விட்டாலே, புரொசெசரை 3.9க்கு ஏற்றி வரும் பலனை விடக் கூட வரும். பிறகு வேகா 3இன் 1100 மெகாஹேர்ட்ஸை 1500 பக்கம் ஏற்றிப் பார்க்கலாம். கேமில் தெரியும் மாற்றம் இதில்தான் இருக்கிறது.

வெப்பத்தைப் பற்றி ஒன்று. யூடியூபில் காட்டும் இலக்கங்கள் பெரும்பாலும் குளிர் அறையில், 22 பாகை பக்கம் எடுத்தவை. கூலர் என்பது அறை வெப்பத்தை விட எத்தனை பாகை மேலே நிற்கிறது என்ற வித்தியாசத்தில்தான் வேலை செய்கிறது. அங்கே 72 காட்டினால் வித்தியாசம் 50. நம்முடைய வீட்டில் கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் அறையே 34, ஆக அதே கூலரில் அதே சிப் 84. இந்த சிப்பின் எல்லை 95. எரியாது, ஆனால் கையில் மிச்சம் குறைவு. அதனால் ஓவர்குளொக் செய்பவர்கள் இரவில் சோதித்துவிட்டு 'ஸ்டேபிள்' என்று முடிவு செய்ய வேண்டாம். ஜூலை மாதம் பகல் இரண்டு மணிக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சிப்பை முழு வேகத்தில் சோதிக்கும் பிரைம்95ஐ ஓட விட்டுப் பாருங்கள். றாமை ஏற்றினால் அதில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 கட்டாயம்.

கல்லடிக் கரை
கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்காக ஒரு சொல். உப்புக் காற்று ஹீட்சிங்க் தகட்டில் தூசியை ஒட்ட வைத்துவிடும், ஃபான் இழுத்தாலும் காற்று போகாது. கல்லடி, நாவலடிப் பக்கம் என்றால் அடிக்கடி திறந்து துடைக்க வேண்டும். ஓவர்குளொக் செய்த மெஷினுக்கு இன்னும் கூடுதலாக.

செங்கலடி டெக்னிஷன்
தங்கச்சி றாம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கேமுக்கு மட்டும் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கேட்ட பிள்ளையின் அண்ணன் அடுத்தவருடைய கல்யாண வீடியோவைக் கையில் வைத்திருக்கிறார். அந்த நாள் திரும்ப வராது. ஓவர்குளொக் சரியில்லாத மெஷின் நீல ஸ்கிரீன் காட்டி நின்றால் அது நல்ல செய்தி, பிரச்சினை கண்ணுக்குத் தெரிகிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஒரு பிட்டை மாற்றி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும்? படம் நடுவில் கோடு விழுந்திருக்கும், ஃபைல் திறக்காது, அதற்குள் மெமரி காட்டை ஃபோர்மட் பண்ணியிருப்பார்கள். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு கம்பனி வைத்த வேகத்தில் ஓடும் 8500இன் ஆறு கோர்தான் என் பதில். 8500இல் இருக்கும் யூஎச்டி 630 கிராபிக்ஸ், வீடியோவை என்கோட் பண்ணவும் கை கொடுக்கும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11ஐ முறைப்படி போடலாம். கடையில் 'ஐ5' என்று மட்டும் சொல்லி ஆறாம் தலைமுறை 6500ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், இலக்கத்தைப் பார்த்து எடுங்கள்.

காத்தான்குடி நானா
வேலை மெஷினை ஓவர்குளொக் செய்யாதே என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'வாங்காதே' என்பது வேறு பேச்சு. நான் பார்ப்பது மதர்போட்டை. அந்த ஏஎம்4 சொக்கெட் (புரொசெசர் பொருத்தும் இடம்) போட்டில் இன்றைக்கு 3000ஜி இருக்கும், நாளைக்குக் காசு சேர்ந்தால் ரைசன் 5 5600ஜி போடலாம். ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). போட், றாம், பவர் சப்ளை எதையும் மாற்ற வேண்டியதில்லை. 5000 வரிசைக்கு முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலான போட்களில் பழைய சிப் ஒன்று இருக்க வேண்டும். 3000ஜி அந்த வேலையையும் செய்யும். ஒஃபிஸ் மெஷினில் பாருங்கள்: போட் அந்தக் கம்பனியின் சொந்த அளவு, பவர் சப்ளையும் அப்படியே. ஒன்பதாம் தலைமுறைக்கு மேல் அந்தச் சொக்கெட்டில் எதுவும் போட முடியாது. இன்றைய ஆறு கோரை வாங்கி, நாளைய கதவை அடைக்கிறீர்கள். 2022இல் டொலர் ஏறியபோது பார்ட்ஸ் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற முடிந்தவன்தான் அப்போது தப்பினான்.

கல்லடிக் கரை
பயோஸ் புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இருக்கட்டும். மாரி மழையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் போட் செத்துவிடும்.

செங்கலடி டெக்னிஷன்
நாளைக்கு 5600ஜி போடலாம் என்பது நாளைக்குக் காசு வந்தால். அண்ணனுடைய ஓடர்கள் இந்த மாதம் முடிய வேண்டும், நானா.

களுவாஞ்சிகுடிப் பொடியன்
எல்லோருக்கும் நன்றி. நேற்று அண்ணனிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வீடு ஓடுவது அவருடைய வேலையில்தான், அதனால் 8500ஐ எடுக்கிறோம். ஓவர்குளொக் பழகும் ஆசை எனக்குப் போகவில்லை, அதை என் காசில் வேறொரு மெஷினில் செய்வேன். கல்முனைக்கு சனிக்கிழமை போகிறோம். என்னென்ன பார்த்து எடுக்க வேண்டும்?

ஒலுவில் மாணவி
றாம் எத்தனை குச்சி என்று கேளுங்கள், ஒன்றென்றால் இரண்டாக்கித் தரச் சொல்லுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் லோட் கொடுத்து வெப்பத்தைப் பாருங்கள். பழைய மெஷின்களில் தேர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பசை) காய்ந்து போயிருக்கும்.

காத்தான்குடி நானா
சின்னப் பெட்டி மொடலை எடுக்க வேண்டாம் தம்பி, டவரையே கேளுங்கள். சின்னதில் பாதி உயரக் கிராபிக்ஸ் காட் மட்டும்தான் போகும், பவர் சப்ளையும் தாங்காது. கடைக்காரர் வேறு புரொசெசர் போடுவதாகச் சொன்னால் சொக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இன்டெலில் பின் எல்லாம் போட்டில்தான் இருக்கும், ஒன்று வளைந்திருந்தாலும் எடுக்காதீர்கள். டவுனில் அந்த 3000ஜி விற்பவருடைய இலக்கத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். அந்த போட்டை நான் எடுக்கிறேன்.