480 ரூபாய்க்கு விற்ற தேயிலைக்குக் கையில் வந்தது 266.74. மீதி எங்கே?

கோத்தகிரி தூள்:
எம்ஆர்பி அச்சடித்த 250 கிராம் டஸ்ட் டீ பாக்கெட்டை, வரியோடு 130 ரூபாய்க்கு வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். தனிநபர் பெயரில் ரெகுலர் ஜிஎஸ்டி இருக்கிறது. டெல்லிக்குப் போன ஓர் ஆர்டர்: இரண்டு பாக்கெட், 480 ரூபாய். விற்பனைத் தளம் செய்த பிடித்தம்: கமிஷன் 8% = 38.40, நிலைக் கட்டணம் 20, ஷிப்பிங் 120, இவற்றுக்கு ஜிஎஸ்டி 32.11, டிசிஎஸ் (தளம் பிடித்து அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி) 2.29, டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 0.46. பெட்டி 25×18×12 செ.மீ., தராசில் 590 கிராம். ஷிப்பிங் ரேட் முதல் அரை கிலோவுக்கு 70, அடுத்த ஒவ்வோர் அரை கிலோவுக்கும் 25. அப்படியானால் 95 தானே வரணும்? மொத்தத்தில் லாபம் எவ்வளவு என்றும் புரியவில்லை.

குன்னூர்க் கணக்கு:
முதலில் ஷிப்பிங். தராசு எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுங்கள்: 5400 ÷ 5000 = 1.08 கிலோ. ஒரு கிலோவைத் தாண்டிவிட்டதால் ஒன்றரை கிலோ ஸ்லாப், 120 ரூபாய். எண்பது கிராம் காற்றுக்கு 25 ரூபாய் கட்டுகிறீர்கள்.

480-க்குள் 5% ஜிஎஸ்டி 22.86 அடக்கம், அது அரசுக்குப் போவது. மீதி 457.14. கட்டணங்கள் 178.40, சரக்கின் கொள்முதல் விலை வரி நீங்கலாக 247.62, பேக்கிங் 12 என்று வைத்தால் மிச்சம் 19.12. கட்டணத்தின் மேல் போட்ட 32.11-ஐ இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொள்ளலாம். டிசிஎஸ் 0.5%; ஜிஎஸ்டி போர்ட்டலில் அந்தக் கிரெடிட்டை நீங்களே ஏற்றுக்கொண்டு ஃபைல் பண்ணினால்தான் கேஷ் லெட்ஜருக்கு (போர்ட்டலில் உள்ள உங்கள் பணக் கணக்கு) வரும், தானாக வராது. டிடிஎஸ் 0.1% வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருக்கிற தனிநபருக்கு, பான் கொடுத்திருந்தால் அதையும் பிடிக்கக் கூடாது. உங்கள் பான் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேயிலை மூட்டை:
அண்ணா சொன்ன பிரிப்பு சரி. ஆனால் அந்த 19.12 நிற்காது. தேயிலைக்கு ஜிஎஸ்டி 5%, கட்டணத்துக்கு 18%. இந்த ஆர்டரில் நீங்கள் கட்ட வேண்டிய வரி 22.86. கொள்முதல் கிரெடிட் 12.38 கழிந்தால் மீதி 10.48 தான். கட்டண ஜிஎஸ்டி 32.11-இல் அவ்வளவுதான் பயன்படும். மிச்சம் 21.63 கிரெடிட் லெட்ஜரில் தேங்கும். சேவைக்குக் கட்டிய வரி என்பதால் தலைகீழ் வரி ரீஃபண்டிலும் (வாங்கும்போது கட்டும் வரி விகிதம் விற்கும் விகிதத்தைவிட அதிகமானால் கிடைப்பது) வராது. 18% சரக்கு ஏதாவது சேர்த்து விற்றால் ஒழிய அது செலவுதான். ஆக இந்த ஆர்டரில் 2.51 நஷ்டம்.

பெட்டியை 22×14×9-க்கு மாற்றுங்கள். 0.55 கிலோதான், ஒரு கிலோ ஸ்லாப். ஷிப்பிங் 95, கட்டண ஜிஎஸ்டி 27.61, கையில் நிற்பது 26.99. தூளுக்கு இந்த அளவு போதும். ஆர்த்தடாக்ஸ் இலை (தூளாக்காமல் சுருட்டிய இலைத் தேயிலை) அதிக இடம் பிடிக்கும், அதற்கு 25×16×12 பாருங்கள். அது 0.96 கிலோ. ஆனால் திணித்துப் பெட்டி பக்கத்துக்கு ஒரு செ.மீ. உப்பினாலும் 26×17×13 ஆகி 1.15-க்குப் போய்விடும், மறுபடி ஒன்றரை கிலோ. பேக் பண்ணியதும் தராசில் வைத்து, டேப் பிடித்து அளந்து, ஆர்டர் எண் தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். எடைத் தகராறுக்கு அது ஒன்றுதான் ஆதாரம், புகாரையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் போட வேண்டும்.

கோத்தகிரி தூள்:
நன்றி. பாக்கெட்டைப் பிரித்து 200 கிராமாக்கி, இரண்டை அரை கிலோவுக்குள் அனுப்பினால்?

தேயிலை மூட்டை:
வேண்டாம் தம்பி. மறுபேக்கிங் செய்தால் எடையளவுச் சட்டப்படி பேக்கராகப் பதிவு, உங்கள் பெயரில் லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமத்திலும் அந்த வேலை இருக்கணும். அதற்குப் பதில் 250 + 100 பாக்கெட்டைச் சேர்த்துப் போடுங்கள். கூரியர் கவரில் அரை கிலோவுக்குள் அடங்கும். தூள் நசுங்கினால் ஒன்றுமில்லை, இலையைக் கவரில் அனுப்பாதீர்கள். காம்போ விலை இரண்டு எம்ஆர்பியின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது.

குன்னூர்க் கணக்கு:
ரிட்டர்னையும் கணக்கில் வையுங்கள். திரும்பி வந்தால் கமிஷன் கிடைத்தாலும் போன ஷிப்பிங் பெரும்பாலும் கிடைக்காது. 95-உம் வரியும் பேக்கிங்கும் சேர்ந்து 124 ரூபாய், அதாவது நாலைந்து ஆர்டரின் லாபம். சீல் உடைந்த பாக்கெட்டை மறுபடி விற்கவும் முடியாது. கேஷ் ஆன் டெலிவரியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பிக்கப் வண்டி ஏறாது, தாமத அபராதம் விழும். அந்த மாதங்களில் அனுப்பும் நாளை இரண்டு மூன்றாக ஏற்றி வையுங்கள். பனியில் அட்டைப்பெட்டி ஈரம் குடித்து எடை கூடும்; அரை கிலோ ஸ்லாப்புக்கு 470 கிராமிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.