வலம்புரியா, இடம்புரியா? ஒரு சிறிய ஊரிக்காகச் சொல் தேடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நம் சொற்பட்டியலுக்கு நான் முன்வைத்த ‘இடவாய் ஊரி’ (ஊரி: சிறு கடல் நத்தை ஓடு) என்ற பதிவைப் பற்றி வந்த கேள்வி இது:

> இடப்பக்க ஓட்டுக்கு ‘இடம்புரி’ என்ற பழைய சொல் இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

இருக்கும் சொல்லை விட்டுப் புதிது புனைவதில் எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இங்கே பழைய சொல் நம்மை நேர் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுகிறது.

திருகோணமலை அருகே நிலாவெளிக் கரையில் அலை ஒதுக்கிய மணலை அரித்தபோது கிடைத்தது இந்த ஊரி. (எதிரேயுள்ள புறாத்தீவில் எடுத்ததல்ல, அது 2003 முதல் தேசியப் பூங்கா.) ஒரு நெல்மணி நீளம்கூட இல்லை. ஊசிக் கோபுர வடிவம். புரிதோறும் மணி கோத்தாற்போன்ற புடைப்புகள். கடற்பஞ்சைத் தின்னும் ட்ரைபோரிடே என்ற நத்தைக் குடும்பம். மற்றக் கடல் நத்தைகளில் பெரும்பாலானவை ஒரு பக்கம் சுழல, இக்குடும்பத்தில் அநேகமானவை மறுபக்கம் சுழல்கின்றன.

உயிரியலாளர் ஓட்டின் கோபுர முனையை மேலே வைத்து, அதன் திறப்பாகிய வாயைத் தம் பக்கம் திருப்பிப் பார்க்கிறார். வாய் இடப்பக்கம் விழுந்தால் இடம், வலப்பக்கம் விழுந்தால் வலம். நம் மரபோ சங்கின் நீர் வார்க்கும் முனையை மேலே வைத்துப் பார்க்கிறது. அதனால் சங்கு குளிப்பவர்கள் வழக்கமாக எடுத்துவரும் இடம்புரிச் சங்கு, அறிவியலில் வலப்பக்கத்தது. கோயிலில் போற்றப்படும் அபூர்வ வலம்புரிதான் அறிவியலின் இடப்பக்கத்தது! என் ஊரியை இடம்புரி என்று எழுதினால் சங்கறிந்தவர் மறுப்பார்; வலம்புரி என்றால் மாணவர் குழம்புவார்.

‘இடச்சுழி’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எந்த முனையிலிருந்து பார்த்த சுழி என்ற கேள்வி அதிலும் நிற்கிறது. நான் முன்வைப்பது வலவாய், இடவாய். வாயின் பக்கமும் பிடிக்கும் விதத்தால் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘கோபுர முனை மேலே’ என்று வரையறையில் சேர்த்தே ஆகவேண்டும். ஆனாலும் சுழியை விரல்வைத்துத் தொடர வேண்டும். வாயோ ஒரே பார்வையில் தெரிகிறது, அதுவும் நெல்மணியளவு ஓட்டில். நத்தையின் சொந்த வாயோடு இது குழம்பாதா என்றால், பானைக்கும் சங்குக்கும் வாய் என்று சொல்லி யாரும் இதுவரை குழம்பியதில்லை.

வலம்புரியும் இடம்புரியும் சங்குக்கே, மக்கள் வழங்கும் பொருளிலேயே இருக்கட்டும். அவற்றின் பொருளைத் தலைகீழாக்கும் உரிமை ஒரு சொற்பட்டியலுக்கு இல்லை. ‘இடவாய் ஊரி’ என்ற பதிவில் யாருக்கேனும் மறுப்பிருந்தால், காரணத்தோடு எழுதுங்கள்.